சுகிர்தபாய் மூச்சை விட்ட நாள்

சாரல்விளையில் காற்று முதன்முதலாக நின்றுபோன அன்றைக்கு, சுகிர்தபாய் ஒரு பிச்சிப்பூவின் முன்னால் முழங்கால் போட்டு, கேமராவில் ஒரு கண்ணை ஒட்டவைத்து, மறுகண்ணை இறுக்கி மூடி, இந்தச் சனியன் பிடிச்ச பூ ஒரு நிமிஷம் ஆடாமல் நின்றால் யார் குடி முழுகிப்போகும் என்று மனசுக்குள் வைதுகொண்டிருந்தாள். வைது வைது மனசு ஓய்ந்து, கைமுட்டு ஓய்ந்து, கடைசியில் வைவதற்குக்கூட வலுவில்லாமல் மூச்சை உள்ளே இழுத்து அடிவயிறுவரை கொண்டுபோய் நிறுத்தினாள், அப்போது பூவும் நின்றது, கொடியும் நின்றது, தோட்டமும் நின்றது, தோட்டத்துக்கு அப்பால் மலைச்சரிவில் இராப்பகலாகச் சுற்றிக்கொண்டிருந்த காற்றாலைகள் ஒவ்வொன்றாக இறக்கையைத் தளரவிட்டு நின்றன. அவள் படத்தை எடுத்தாள். மூச்சை விட்டாள். காற்று விட்ட இடத்திலிருந்து வீசத் தொடங்கியது.

சாரல்விளை கணவாயில் இருக்கிற ஊர். மேற்கிலிருந்து வருகிற காற்று முழுக்க இரண்டு மலைக்கு நடுவே உள்ள அந்த இடுக்கு வழியாகத்தான் கிழக்கே போயாக வேண்டும், அதற்கும் வேறு போக்கிடம் கிடையாது, அதனால் ஆனி பிறந்தால் ஆவணி முடிகிறவரைக்கும் அங்கே துணியை முடிச்சுப் போட்டுத்தான் காயவைப்பார்கள், கோழிகூடச் சுவரோரமாகத்தான் நடக்கும், யாரைப் பற்றியாவது புறணி பேசுவதென்றால் காற்றுப் போகிற திசையில் அந்த ஆள் நிற்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் போய்ப் பூவைக் கிட்டத்தில் படம் எடுக்கிற தொழில் ஒருத்திக்கு வாய்த்தது என்றால் அவள் தலையெழுத்தை என்னவென்று சொல்ல.

தலையெழுத்தின் பெயர் ஞானசிகாமணி. சுகிர்தபாயைக் கட்டினவன். கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தான், அவன் படம் எடுப்பான், அவள் உள்ளே உட்கார்ந்து மாப்பிள்ளைகளின் மருவை அழித்து, மணப்பெண்களின் கன்னத்துக் குழியை நிரப்பி, ஆல்பம் ஒட்டுவாள். ஒருநாள் கொல்லத்தில் ஒரு கல்யாணம் எடுக்கப்போகிறேன் என்று பெரிய லென்ஸ், விளக்கு, குடை எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனவன், வருஷம் பலவாகியும் அந்தக் கல்யாணத்தை எடுத்து முடிக்கவில்லை. அங்கே ஒரு வீடும் வீட்டுக்குள் ஒருத்தியும் உண்டென்று ஊருக்கே தெரியும். அவன் விட்டுவிட்டுப் போனது ஒரு பழைய கேமராவும், மணப்பெண்ணின் விரல் மோதிரத்தைக் கிட்டத்தில் எடுக்கிற லென்ஸ் ஒன்றும்தான், மோதிரத்தோடு இனி அவனுக்கு ஜோலி இல்லை போலிருக்கிறது.

அந்த மோதிர லென்ஸ்தான் அவளுக்குக் கஞ்சி ஊற்றியது. பூச்சந்தையில் இப்போதெல்லாம் கேரளத்து வியாபாரி நேரில் வருவதில்லை, காலையில் போனில் படம் போக வேண்டும், மகரந்தத்தின் பொடி தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் எடுத்த படம், அதைப் பார்த்துத்தான் அவன் விலை சொல்வான். படம் மங்கலாக இருந்தால் அது நேற்றைய பூ. ஆடிக் காற்றில் எது ஆடாமல் இருக்கும்? பறித்துக் கூடையில் போட்ட பூவை எடுத்து அனுப்பினால் கொடியிலிருக்கிற படம் எங்கே என்று கேட்பான், கொடியிலிருப்பதை எடுத்தால் மங்கல் என்பான், அப்படி ஒரு நியாயம். கமிஷன் கடை பகவதிப்பெருமாள் அண்ணாச்சி ஒவ்வொரு காலையும் தலையில் கைவைத்து உட்காருவார், சுகிர்தபாய் ஒவ்வொரு காலையும் ஈரமண்ணில் முழங்கால் போடுவாள்.

பூவுக்கு அவ்வளவு கிட்டே போய்விட்டால் தெளிவு என்பது வெங்காயத்தோல் அளவுதான். மகரந்தம் தெளிந்தால் இதழின் ஓரம் மங்கும், ஓரம் தெளிந்தால் நடு மங்கும். லென்ஸைத் திருகிப் பிரயோஜனமில்லை, உடம்பையே ஒரு நெல் அகலம் முன்னால் சாய்த்து, ஒரு நெல் அகலம் பின்னால் சாய்த்து, அந்தத் தோல் பூவின்மேல் படிகிற இடத்தில் பொத்தானை அமுக்க வேண்டும், அந்த நேரம் பார்த்துத்தான் காற்று வரும், காற்று வராவிட்டால் தன்னுடைய மூச்சே தன் கையை அசைக்கும். குடையை நட்டுப் பார்த்தாள், ஈர்க்குச்சியில் காம்பைக் கட்டிப் பார்த்தாள், சேலையை மறைப்பாகப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகாமல்தான் அன்றைக்கு மூச்சை அடிவயிற்றுக்கு அனுப்பினாள்.

காற்று நின்றதைப் பற்றி ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. கரெண்டு போன மாதிரி காத்தும் போயிட்டு, இனி வரும் என்றார்கள், வந்தது. மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ நின்றபோது பகவதிப்பெருமாள் அண்ணாச்சிதான் வரப்பில் நின்று கவனித்தார். அவள் கன்னம் உப்பும்போது தென்னை ஓலை தொங்குகிறது, கன்னம் வற்றும்போது ஓலை எழும்புகிறது. டீக்கடையில் வந்து சொன்னார். டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்தாமலே, "ஆண்டவன் யாருக்கு எதைக் குடுப்பான்னு யாருக்குத் தெரியும். நமக்குத் தரல, அவ்வளவுதான்" என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது.

விஷயம் முடிந்தது, வேலை ஆரம்பித்தது. ஊரில் ஒருத்திக்குக் கைராசி உண்டென்றால் அவள் கையை ஊர் சும்மா விடுமா? முதலில் வாழைக்காரர்கள் வந்தார்கள், ஓணத்துக்கு வெட்ட வேண்டிய ஏத்தன் வாழை குலை தள்ளி நிற்கிறது, சுழல்காற்று வருகிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் பிடி அக்கா என்றார்கள். பப்படம் காயவைக்கிறவர்கள் வந்தார்கள். மாடியில் பெயிண்ட் அடிக்கிறவர்கள் வந்தார்கள். மெழுகுவர்த்திப் பவனிக்குப் பிடி என்று சபையிலிருந்து வந்தார்கள், கொடைத் திருவிழாவில் சப்பரத்தின் தீபம் அணையாமல் பிடி என்று அம்மன்கோயிலிலிருந்து வந்தார்கள், யாருக்குப் பிடித்தாலும் அடுத்தவருக்குப் பிடிக்காமல் இருக்க முடியாது. காற்றாலைக் கம்பெனியின் கோயம்புத்தூர் இன்ஜினியர் ஒருத்தர் வந்து, "ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க, மத்தியானத்துல மட்டும் பிடிக்காம இருந்தீங்கன்னா எங்களுக்கு உபகாரமா இருக்குமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சுகிர்தபாய் எல்லாருக்கும் சரி என்றாள். வேண்டாம் என்று சொல்லி, ஏன் என்று அவர்கள் கேட்டு, அதற்கு ஒரு காரணம் சொல்லி, அதையெல்லாம் செய்வதைவிட மூச்சைப் பிடிப்பது அவளுக்கு எளிதாக இருந்தது.

ஒரே ஒரு சங்கடம். பிடித்ததை மெதுவாக விட வேண்டும். சூடான காப்பியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் காற்றும் மரியாதையாக வரும். ஒருநாள் சந்தை கலைந்த பிறகு, கால்வலி பொறுக்காமல் படியில் உட்கார்ந்தவள், யோசனையில்லாமல், எல்லாரும் விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டாள். கமிஷன் கடையின் தார்ப்பாய் பக்கத்து ஊர்க் கோயில் ஆலமரத்தில் கிடைத்தது. கோழிக்கூடு ஒன்று கோழியோடு போயிற்று. செல்லக்கனியின் தோட்டத்தில் குலை தள்ளிய வாழை பாதிக்குமேல் படுத்துவிட்டது.

செல்லக்கனி சுகிர்தபாய்க்கு அடுத்த வீட்டுக்காரி, வயசில் இளையவள், அக்கா அக்கா என்று உயிரை விடுகிறவள், குத்தகைக்கு வாழை போட்டிருந்தாள். விழுந்த வாழைகளுக்கு நடுவில் நின்று அவள் சுகிர்தபாயை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்தத் தடவ போனது போவட்டு. அடுத்த வருசமும் போச்சுன்னா நான் கொல்லத்துக்கு அண்டியாபீசுக்குத்தான் போவணும், முந்திரி உடைக்க" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து சுகிர்தபாய் பெருமூச்சு விடுவதில்லை. கொட்டாவியைக்கூடக் கையால் பொத்தித் தவணை தவணையாக விட்டாள்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. சுகிர்தபாய்க்குப் பெருமூச்சு வருகிற மாதிரி ஒரு சங்கதியும் அவள் காதில் விழக்கூடாது என்று யாரும் கூடிப் பேசாமலே முடிவாகியது. கேபிள்காரன் அவள் வீட்டுக்கு மட்டும் அழுகை நாடகங்களை நிறுத்தினான். யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் அந்த ஆள் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள், சாரல்விளையிலிருந்து மகள் வீட்டுக்குப் போனவர்கள் ஒருத்தரும் திரும்பி வராததை அவள் கவனிக்காமல் இல்லை. மீன்குழம்பு கொடுத்துவிட்டார்கள், அவியல் கொடுத்துவிட்டார்கள், எதிரில் வந்தால் சிரித்தார்கள். அவளிடம் யாரும் இப்போது தன் கஷ்டத்தைச் சொல்வதில்லை, அவள் கஷ்டத்தைக் கேட்பதுமில்லை, எப்படியிருக்கே என்று கேட்டால்கூட நல்லாயிருக்கேன் என்கிற பதிலையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போனார்கள். அவளுக்கு அது பெரிய அலுப்பாக இருந்தது. மனுஷி பேச்சுக்கு ஏங்கிப்போனாள்.

அடுத்த ஆடி கழிந்து ஆவணி பிறந்தது. ஓணத்துக்கு இன்னும் சில நாள்தான். செல்லக்கனியின் வாழைகள் முட்டுக்கம்பு தாங்காத அளவுக்குக் குலையோடு நின்றன. அப்போதுதான் கொல்லத்திலிருந்து செய்தி வந்தது, ஞானசிகாமணி போய்விட்டான், மாரடைப்பு, பெட்டியில் வைத்துச் சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள், அவன் தம்பி தங்கையன் கூடவே வருகிறான், நாளைக் காலை அடக்கம்.

சபைக் கட்டடத்தில் சாதி மதம் பார்க்காமல் ஊர் கூடியது. பேச்சு அடக்கத்தைப் பற்றி அல்ல.

"அவனுக்காவ அவ பெருமூச்சு விடுவாளா என்ன? தெருவுல விட்டுட்டுப் போனவனுக்கு?" என்றார் டீக்கடைக்காரர்.

"அதான் எனக்கும் பயமா இருக்கு. துக்கத்துல விடல்லன்னா, ஒழிஞ்சான் பாவின்னு நிம்மதியில விடுவா. எதுல விட்டாலும் மூச்சு மூச்சுதான், வாழைக்கு என்ன தெரியும்" என்றார் பகவதிப்பெருமாள் அண்ணாச்சி.

போதகர் ஐயா தாடையைச் சொறிந்துகொண்டு, பொய் சொல்லாண்டாம், ஆனால் கேட்காததைச் சொல்லணும்னு வேதத்தில் எங்கேயும் எழுதவில்லை என்றார். எல்லாரும் செல்லக்கனியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஓணம் கழியட்டு. வெட்டுனதும் நானே சொல்லுகேன். அவ காலில விழுந்து சொல்லுகேன்" என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், சாரல்விளைக்காரர்கள் ஒரு சவப்பெட்டியைச் சம்பங்கிப் பூவில் மறைக்கப் பார்த்தார்கள். ஏற்பாடு இதுதான். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற ஒரே பாதை சம்பங்கித் தோட்டத்தின் வேலியை ஒட்டிப் போகிறது. அந்த நேரத்தில் சுகிர்தபாயை அந்தத் தோட்டத்திலேயே, பாதைக்கு முதுகு காட்டி, ஒரு பூவின் முன்னால் உட்காரவைத்துவிட வேண்டும். கேமராவில் கண்ணை வைத்துவிட்டால் யானை போனாலும் அவளுக்குத் தெரியாது, பூவுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அந்த லென்ஸில் வெறும் பச்சைக் கலங்கல். மணி அடிக்கக் கூடாது, பாட்டுப் பாடக் கூடாது. அவள் மூச்சைப் பிடித்திருக்கும்போது காற்றும் இருக்காது, அழுகிறவர்களின் மூக்குச் சத்தம்கூட அவள் காதுக்கு வராது. அவள் புருஷனின் சவம் அவள் பின்னாலேயே அவள் மூச்சின் உதவியாலேயே போய்ச் சேர்ந்துவிடும். யோசித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு வாழை முன்னால் நின்றது, மனுஷி மங்கலாகிவிட்டாள், அவ்வளவுதான்.

காலையில் செல்லக்கனி சுகிர்தபாயைக் கூட்டிக்கொண்டு போனாள். பூ வாங்குகிற கொல்லத்து வியாபாரி குறுப்பு முதலாளி சம்பங்கிப் படம் கேட்கிறார், உடனே வேண்டுமாம் என்றாள். ஒரு நல்ல தண்டைப் பார்த்துக் காட்டினாள், பூ பளிச்சென்றிருக்கட்டும் என்று கையாலே கொஞ்சம் தண்ணீரும் தெளித்தாள். சுகிர்தபாய் பாதைக்கு முதுகு காட்டி முழங்கால் போட்டாள், ஒரு கண்ணால் பார்த்தாள், எழுந்தாள்.

"இங்கேருந்து எடுத்தா பூ சுவரு மாதிரி இருக்கும். வெயிலு பூவுக்குப் பொறத்தேருந்து வரணும்" என்று சொல்லிவிட்டுத் தண்டைச் சுற்றிவந்து, பாதையைப் பார்க்க, கிழக்கே முகம் வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

செல்லக்கனி பாதையை எட்டிப் பார்த்தாள். என்ன செய்ய, பெட்டி ஏற்கெனவே வளைவு திரும்பிவிட்டது. வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்திருந்த வெள்ளைத்துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு, "பிடிக்கா, இப்பம் பிடி" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

சுகிர்தபாய் மூச்சைப் பிடித்தாள். கணவாய் அடங்கியது. உடம்பை ஒரு நெல் அகலம் முன்னால் சாய்த்தாள், மகரந்தம் தெளிந்து மங்கியது, இன்னொரு நெல் அகலம், இதழின் ஓரத்தில் நரம்பு தெளிந்து மங்கியது, இன்னும் கொஞ்சம், இதழின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த, செல்லக்கனி தெளித்த தண்ணீரின் ஒரு துளி தெளிந்தது. துளிக்குள் ஏதோ நகர்ந்தது. பூச்சி என்று நினைத்தாள். இன்னும் மயிரிழை சாய்ந்தாள். துளிக்குள் வானம் கீழேயும் பாதை மேலேயுமாக, வெள்ளைச்சட்டைக்காரர்கள் தலைகீழாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள், ஊரே போய்க்கொண்டிருந்தது, தோளில் ஒரு கறுத்த பெட்டி, பெட்டிக்கு முன்னால் தங்கையன், அவன் கையில் சட்டம் போட்ட ஒரு படம். கடுகில் பாதிகூட இல்லாத படம். ஆனால் அந்த மீசையின் இடது முனையைச் சரிசெய்து, மூக்கோரத்து மருவை அழித்து, ஸ்டூடியோ கண்ணாடியில் வைத்தது அவள் கைதானே, அவளுக்குத் தெரியாதா.

அவள் பொத்தானை அமுக்கினாள். அவள் ஆயுசில் எடுத்த படங்களிலேயே கூர்மையான படம் அதுதான்.

மூச்சை விடவில்லை. விட்டால்தான் பேச முடியும், பேசினால்தான் கேட்க முடியும், அதனால் கேட்காமலே எழுந்து நின்று செல்லக்கனியைப் பார்த்தாள், மோவாயால் பாதையைக் காட்டினாள். செல்லக்கனியின் கையிலிருந்த துணி விழுந்தது.

"நேத்து சாயங்காலம் தெரியும்க்கா. மாரடைப்பு. நான்தான் சொல்லாண்டாம்னு சொன்னேன். ஓணம் கழியட்டுன்னு சொன்னேன். என்னை அடி, நாலு அடி அடி, மூச்ச மட்டும்..." என்று தொடங்கியவள், அந்த வாக்கியத்தை முடிக்க வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள்.

சுகிர்தபாய் அவளை அடிக்கவில்லை. வேலிப்படலைத் திறந்துகொண்டு, வாயை இறுக்கி மூடி, பாதையில் ஏறி, பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். திரும்பிப் பார்த்தவர்கள் நின்றுவிட்டார்கள். மலையில் ஒரு இறக்கை அசையவில்லை, கல்லறைத் தோட்டத்துச் சவுக்கு மரங்கள், பிறந்தது முதல் ஒருநாளும் சும்மா நிற்காத மரங்கள், விறைத்து நின்றன. பெட்டியை இறக்கினார்கள். யாரும் சொல்லாமல் தங்கையன் மூடியைத் திறந்தான், அண்ணனைக் கட்டின மயினியின் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் முழங்கால் போட்டாள். பூவுக்குக் குனிகிற மாதிரி குனிந்து, அதே அளவு கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். இமைமயிரில் நரை ஓடியிருந்தது. மூக்கோரத்து மரு அவள் அழித்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது. தாடையில் ஒரு சின்னக் கீறல், இறந்தபின் யாரோ அவசரமாகச் சவரம் செய்திருக்கிறார்கள், பார்த்துச் செய்திருக்கலாம். இத்தனை வருஷத்தில் அவனை வைதுகொண்டே இருந்தவளுக்கு அந்தக் கீறலைப் பார்த்ததும் மனசு தாங்கவில்லை. நெஞ்சு முட்டியது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் திரண்டது.

"மெல்ல, பிள்ள, மெல்ல விடு. உதட்டைக் குவிச்சு விடு. காப்பி ஊதுத மாதிரி" என்று பகவதிப்பெருமாள் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினார். மெல்ல, மெல்ல என்று ஊர் முழுக்கச் சொல்லிற்று, பிரசவ அறை வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் மாதிரி. சுகிர்தபாய் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். முடியாது. இது காப்பி ஊதுகிற மூச்சு இல்லை.

அப்போது செல்லக்கனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் ஈரம். "அக்கா, விட்டிரு. மெல்ல ஒண்ணும் விடாண்டாம், முழுசா விடு. வாழை போனா போவட்டு, நான் அண்டியாபீசுக்குப் போறேன், கை கறுத்தா கறுக்கட்டு. ஒனக்கு இல்லாத மூச்சு எனக்கு என்னத்துக்கு" என்றாள். பிறகு, அப்போதுதான் தோன்றியது போல, ஊரைப் பார்த்துத் திரும்பி, "நின்னுக்கிட்டே இருக்கியளே. ஓடுங்க, ஆளுக்கொரு வாழையப் பிடிங்க" என்றாள்.

ஊர் ஓடிற்று. அடக்கத்துக்கு உடுத்திய வெள்ளைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிற்று, போதகர் ஐயா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார், டீக்கடைக்காரர் ஓடினார், பப்படக்காரிகள் ஓடினார்கள், சப்பரம் தூக்குகிறவர்கள் ஓடினார்கள், மலையடிவாரத்திலிருந்து என்ன ஏதென்று தெரியாமலே கோயம்புத்தூர் இன்ஜினியரும் ஓடிவந்து ஒரு வாழையைக் கட்டிக்கொண்டார். சுகிர்தபாய் கல்லறைத் தோட்டத்து மேட்டில் நின்று, முகம் சிவந்து, கண் பிதுங்க, கடைசி ஆளும் ஒரு வாழையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கிறவரை பொறுத்திருந்தாள். செல்லக்கனி தோட்டத்து நடுவிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினாள்.

சுகிர்தபாய் விட்டாள்.

அந்த மூச்சில் என்னென்ன இருந்தது என்றால், ஈரமண்ணில் போட்ட முழங்கால் எல்லாம் இருந்தது, ஊரார் கல்யாணத்துக்கு ஒட்டின ஆல்பமெல்லாம் இருந்தது, வேன் கிளம்பிய அன்றைக்கு வாசலில் நின்று ராத்திரி சாப்பாட்டுக்கு வந்திருவியா என்று கேட்டது இருந்தது, அவனுக்காக மூடிவைத்த சோறு இருந்தது, பப்படத்துக்கும் பெயிண்டுக்கும் தீபத்துக்கும் பிடித்த மூச்சின் மிச்சமெல்லாம் இருந்தது, நல்லாயிருக்கேன் என்று சொன்ன அத்தனை நல்லாயிருக்கேனும் இருந்தது, தாடையில் ஒரு கீறலும் இருந்தது. காற்று மலையிடுக்கில் முட்டித் திரும்பி வந்து ஊர்மேல் விழுந்தது, ஓடு பறந்தது, சவுக்கு மரங்கள் தரையைத் தொட்டு எழும்பின, காற்றாலைகள் இறக்கை இருப்பதே தெரியாமல் சுற்றின, தோட்டத்தில் வாழைகள் வேரோடு கிளம்பப் பார்த்தன, ஆட்கள் விடவில்லை, வாழையோடு சாய்ந்தார்கள், வாழையோடு நிமிர்ந்தார்கள், மட்டை முகத்தில் அறைய அறையக் கண்ணை மூடிக்கொண்டு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் விட்டுக்கொண்டே இருந்தாள். அடங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

எத்தனை விழுந்தது, எத்தனை நின்றது என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள், வாழைக்கறை பிடித்த வேட்டியோடு ஞானசிகாமணியை அடக்கம் பண்ணினார்கள், இந்தத் தடவை மணி அடித்தார்கள், பாட்டும் பாடினார்கள், முதல் பிடி மண் சுகிர்தபாய் போட்டாள். ஓணத்துக்குச் செல்லக்கனியின் குலைகள் லாரி ஏறின. போன வருஷம் மாதிரி இல்லை, அண்டியாபீசுக்குப் போக வேண்டிவரவில்லை.

அன்றைய படம் வழக்கம்போல் குறுப்புக்கும் போயிருந்தது. அவர் மறுநாள் போன் செய்தார். "சேச்சி, பூவு கொள்ளாம், நல்ல தெளிவு. அந்தத் துளிக்குள்ள ஆளுகள் தலைகீழா போகுதே, என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு விசேஷம்தான்" என்றாள் சுகிர்தபாய்.

இப்போது சாரல்விளையில் சாவு விழுந்தால் முதல் ஆளாக அவளிடம்தான் சொல்கிறார்கள், சொந்தக்காரர்களுக்குக்கூடப் பிறகுதான். தங்கள் கஷ்டத்தையும் சொல்கிறார்கள், கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறார்கள். பப்படத்துக்கு மூச்சுக் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். டீக்கடையில் மட்டும் ஒரு வழக்கு தீராமல் ஓடிக்கொண்டிருந்தது, அன்றைக்கு அவள் விட்டது துக்கமா நிம்மதியா என்று ஊர் இரண்டு கட்சியாகி, பேச்சு முற்றிக் கைகலப்புக்கு வந்தபோது, செல்லக்கனியே சந்தைப் படியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, கேக்கேன்னு கோவப்படாண்டாம். அது துக்கமா, நிம்மதியா?"

சுகிர்தபாய் சேலைத் தலைப்பால் மோதிர லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"அசதி பிள்ள" என்றாள். "அசதிதான். வேற என்னத்தச் சொல்ல."

"இப்பம் தீந்துட்டா?"

"எங்க. இன்னும் கிடக்கு."

செல்லக்கனி தோட்டத்துப் பக்கம் பார்த்தாள். தாமதமாகக் குலை தள்ளிய வாழைகள் கொஞ்சம் இன்னும் வெட்டாமல் நின்றன. எழுந்து சேலையை இடுப்பில் வரிந்து செருகிக்கொண்டு, சந்தைக்குள் நடந்து, "ஏ, கையில வேலையில்லாதவங்க எல்லாம் வாங்க. சுகிர்தாக்கா மூச்சு விடப்போறா, பிடிக்கணும்" என்று கூப்பிட்டாள். பகவதிப்பெருமாள் அண்ணாச்சி எடைபோட்டுக்கொண்டிருந்த பிச்சியைத் தராசிலேயே விட்டுவிட்டுத் துண்டைத் தலையில் கட்டினார், டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார், இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்தார்கள். யார் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அவரவர் வாழை அவரவருக்குத் தெரியும்.